பினாங்கிலிருந்து வந்த காகிதமும் எங்கள் வீட்டுப் பங்கும்



கல்வி உதவி, மருத்துவ உதவி, விதவை பென்ஷன் மனு என்று நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கு நடுவே, சில ஆண்டுகளாக இன்னொரு வகையாரும் வருகிறார்கள். "எங்கள் பாட்டனார் இந்த ஊர்தானாம், எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரியுமா?" என்று கேட்டு மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறார்கள். நம் பிள்ளைகளும் சும்மா இல்லை. கைப்பேசியில் வம்சாவளி மரம் வரைகிறார்கள். பர்மாவுக்குப் போன பெரியப்பா என்ன ஆனார் என்று கேட்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எப்படித் தேடுவது, தேடிக் கிடைத்தபின் என்ன செய்வது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் குடும்பத்திலேயே அப்படி ஒன்று நடந்ததால், என் உடன்பிறந்தாரிடமும் எங்கள் மாமியிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வம்சாவளி தேடுவதை மார்க்கம் தடுக்கவில்லை. உறவுகளைச் சேர்ந்து நடப்பதற்குத் தேவையான அளவு உங்கள் நஸபைத் தெரிந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. ஆக, தேடுவதன் நோக்கம் உறவைச் சேர்ப்பது. 'நாங்கள் அரபு நாட்டிலிருந்து நேராக வந்தவர்கள்' என்று மாட்டி வைப்பதற்காக ஷஜரா எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சில ஷஜராக்களைப் பார்த்திருக்கிறேன். நாலு தலைமுறை வரை சரியாக இருக்கும், அதற்கு மேல் திடீரென்று ஒரே தாவில் ஹிஜாஸுக்குப் போய்விடும். நடுவில் இருக்க வேண்டிய இருபது பேரைக் காணோம். அந்த வேலைக்கு நான் உதவமாட்டேன் என்று அலுவலகத்திலேயே சொல்லிவிடுவேன்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் பினாங்கிலிருந்து டிரஸ்ட் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் என் வயதுக்காரர். அவருடைய உம்மாவுக்கு எண்பது வயதை நெருங்குகிறது, தன் வாப்பாவின் ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறார், கையில் இருப்பது ஒரே ஒரு காகிதம் என்று எழுதி, அதன் நகலையும் இணைத்திருந்தார். அது ஒரு நிக்காஹ் சான்று. எழுத்து அரபி, மொழி மலாய். ஜாவி என்பார்கள். நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மாதிரி, அவர்கள் மலாயை எழுதியது. மதரஸாவில் ஓதியவர்களுக்கு மலாய் தெரியாவிட்டாலும் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். மாப்பிள்ளை பெயர், அவர் வாப்பா பெயர், ஊர், ஊருக்குப் பக்கத்தில் 'கிணத்தடி' என்று ஒரு சொல். தேதி ஹிஜ்ரி 1362, ஷவ்வால்.

கிணத்தடி வீடு என்பது எங்கள் வீட்டுப் பெயர். மாப்பிள்ளை என் வாப்பாவின் வாப்பா.

உண்மையைச் சொல்வதென்றால், அந்தக் காகிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். மூன்று வாரம் பதில் போடவில்லை. பிறர் வீட்டு வாரிசுப் பிரச்சினைகளில் உட்கார்ந்து நியாயம் சொல்கிற ஆள் நான். என் மனதில் முதலில் வந்தது 'இன்னொரு மாமி கிடைத்துவிட்டார்' என்ற சந்தோஷம் அல்ல. 1998-ல் விற்ற வீடுதான் முதலில் ஞாபகம் வந்தது.

அந்தக் காலச் சூழ்நிலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் ஓடிய காலம். 'ரஜூலா' கப்பலின் பெயரைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நம் ஊர் ஆண்கள் இரண்டு மூன்று வருடம் அங்கே கடையில் இருப்பார்கள், வந்து ஆறு மாதம் இருப்பார்கள், திரும்பப் போவார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தார்கள். 1945 செப்டம்பரில்தான் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். இடையில் ஏறக்குறைய நாலு வருடம் போக்குவரத்து இல்லை, மணியார்டர் இல்லை. இங்கே இருந்தவர்கள் அங்கே இருந்தவர்களை மவுத்தாகிவிட்டார்கள் என்றே நினைத்த வீடுகள் உண்டு. எங்கள் பாட்டனார் அங்கே சிக்கிக்கொண்டார். ஹிஜ்ரி 1362 ஷவ்வால் என்பது 1943 அக்டோபர். சிக்கிய இடத்தில் நிக்காஹ் செய்துகொண்டிருக்கிறார். 1944-ல் ஒரு பெண் குழந்தை. 1946-ல் ஊர் திரும்பினார். 1958-ல் மவுத்தானார். திரும்பப் போகவே இல்லை.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதையல்ல. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் குடியேறி இருநூறு வருடத்துக்கு மேலாகிறது. அங்குள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-ல் தொடங்கப்பட்டது. அங்கே மலாய்ப் பெண்களை மணந்து உண்டான சந்ததிக்கு ஜாவிப் பெரானாக்கன் என்று பெயரே உண்டு. பர்மாவில் அப்படிப்பட்ட கலப்புக் குடும்பங்களை ஜேர்பாதி என்று அழைத்தார்கள். ஆகவே, கடல் தாண்டிப் பிழைக்கப் போன பாட்டனாரைத் தேடுகிற எந்தக் குடும்பமும், அங்கே ஒரு பாட்டி இருந்திருக்கக்கூடும் என்பதற்கு மனதைத் தயார் செய்துகொண்டுதான் தேட வேண்டும்.

இனி, தேடுவது எப்படி என்பது.

முதல் இடம் வீட்டில் உள்ள வயதான பெண்கள். ஆண்களிடம் கேட்டால் வாப்பா, பாட்டனார், பூட்டனார் என்று நேர்கோடு மட்டும் வரும். பெண்களிடம் கேட்டால்தான் யார் யாருக்கு வாக்கப்பட்டார், யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு போனார் என்று பக்கக் கிளைகள் எல்லாம் வரும். 'பெயர் சொல்லுங்கள்' என்று கேட்காதீர்கள். 'உங்கள் கல்யாணத்துக்கு யார் யார் வந்து தங்கினார்கள்?' என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், ஒரே நாளில் முடித்துவிடப் பார்க்காதீர்கள். இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள். யார் யாருக்குப் பால் கொடுத்தார்கள்? ஷாஃபி மத்ஹபில் இரண்டு வயதுக்குள் ஐந்து முறை வயிறாரக் குடித்திருந்தாலும், ஹனஃபியில் கொஞ்சம் குடித்திருந்தாலும் பால்குடி உறவு ஏற்பட்டு நிக்காஹ் ஹராமாகிவிடும். இதைச் சொல்லக்கூடிய தலைமுறை இப்போது போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்தது ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர். மணமக்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். வலி யார், சாட்சிகள் யார் என்று பாருங்கள். பெண்ணுக்கு வலியாக வாப்பா இல்லாமல் சாச்சாவோ காக்காவோ நின்றிருந்தால், வாப்பா அப்போது மவுத்தாகியிருக்கலாம், அல்லது கடல் கடந்திருந்து வக்காலத் கொடுத்திருக்கலாம். சாட்சிகள் பெரும்பாலும் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள். ஒரு குடும்பத்தின் நாலு நிக்காஹ் பதிவுகளை அருகருகே வைத்தால் அண்ணன் தம்பிகள் யார் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, பழைய பத்திரங்கள். என் அனுபவத்தில் இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. கிரயப் பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர் பெயரோடு அவரவர் தகப்பனார் பெயரும் இருக்கும். அதைவிட முக்கியம் நான்கெல்லை. 'வடக்கே இன்னார் மனை, கிழக்கே இன்னார் மனை' என்று எழுதியிருப்பார்கள். ஒரே தோட்டம் அண்ணன் தம்பிக்குப் பிரிந்திருந்தால், பக்கத்து மனைக்காரர்தான் உங்கள் பெரிய பாட்டனார். கடற்கரை ஊர்கள் பலவற்றில் வீடு பெண்மக்களுக்குப் போகும் வழக்கம் உண்டு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அப்படிப்பட்ட ஊர்களில் வீட்டின் பத்திரத்தைப் பின்தொடர்ந்தால் உம்மா வழி வரும், வாப்பா வழி வராது. இது தெரியாமல் குழம்பியவர்கள் நிறைய. வில்லங்கச் சான்று 1975 முதல் உள்ளது பெரும்பாலான பதிவு அலுவலகங்களுக்கு இணையத்திலேயே கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கையால் எழுதிய புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். பொறுமை வேண்டும். ஒருமுறை நான் போனபோது மதிய சாப்பாட்டு வேளையிலிருந்து அஸர் வரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

தேதிகளில் தடுமாற்றம் வரும். ஹிஜ்ரி ஆண்டை 0.97 ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிட்டத்தட்ட வந்துவிடும். 1362-க்குப் போட்டுப் பாருங்கள், 1943 வரும். வரி ரசீதுகளில் பசலி ஆண்டு இருக்கும், 590 கூட்டினால் போதும். தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் எழுதியிருந்தால் கவனம் தேவை. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். தாது வருஷம் என்றால் 1876-ம் ஆகலாம், 1936-ம் ஆகலாம்.

பெயர்கள்தான் பெரிய தொல்லை. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். மூன்று மகன்கள் தங்கள் மூத்த பிள்ளைக்கு ஒரே பாட்டனார் பெயரை வைத்தால், ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர், தகப்பனார் பெயர் மட்டும் வேறு. இதனால்தான் வீட்டுப் பெயரும் பட்டப்பெயரும் ஏற்பட்டன. கேலிப் பெயராக இருந்தாலும் வெட்கப்படாமல் எழுதி வையுங்கள். வெளிநாட்டில் தேடும்போது எழுத்து இன்னும் மாறும். நம் மரைக்காயர் அங்கே மெரிக்கன் ஆகியிருப்பார், மைதீன் மைடின் ஆகியிருப்பார். பர்மாவில் இன்னும் சிரமம், அங்குள்ள முஸ்லிம்கள் பலருக்கு பர்மியப் பெயர் ஒன்றும் தனியாக உண்டு. 1942-ல் நடந்தே வந்தவர்கள், 1964-க்குப் பிறகு கப்பலில் வந்தவர்கள், வராமலே இருந்துவிட்டவர்கள் என்று மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டு கேட்டால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும்.

கபுறுஸ்தான் நமக்கு அவ்வளவாக உதவாது. நம் பக்கம் பெரும்பாலான கபுறுகளில் மீசான் கல் மட்டும்தான், எழுத்து இல்லை.

எச்சில் எடுத்து அனுப்பும் டி.என்.ஏ. சோதனையைப் பற்றியும் பிள்ளைகள் கேட்கிறார்கள். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குள் சுமார் 12.5 சதவீதம் பொதுவாக இருக்கும். அவர்களுடைய பிள்ளைகளுக்குள் சுமார் 3 சதவீதம். அதற்கும் அடுத்த தலைமுறையில், உண்மையிலேயே உறவாக இருந்தும் பத்தில் ஒரு ஜோடிக்குச் சோதனையில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். நமக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மாமன் மகள், மாமி மகன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே முடித்திருக்கிறோம். அதனால் தூரத்து உறவுகூட அந்த அறிக்கையில் நெருங்கிய உறவு போலக் காட்டும். அதை நம்பி ஒரு குடும்பத்தின் மேல் சந்தேகம் கிளப்பிவிடக் கூடாது. முறையான நிக்காஹில் பிறந்த பிள்ளையின் நஸபை இந்தச் சோதனையைக் காட்டி மறுக்க முடியாது என்பதே உலமாக்களின் நிலை. தூரத்துச் சொந்தம் தேடத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் சண்டை போட அதைக் கொண்டுவராதீர்கள். நாங்கள் சோதனை எதுவும் செய்யவில்லை. எங்களுக்கு வேறு சாட்சி கிடைத்தது.

என் வாப்புச்சா, அதாவது இங்கே இருந்த பாட்டி, 1987-ல் மவுத்தானார். அவருடைய தகரப் பெட்டியில் மௌலிது கிதாபுகளோடு ஒரு துணிப்பையில் கொஞ்சம் காகிதங்கள் இருந்தன. அரபுத்தமிழ். வீட்டில் யாருக்கும் படிக்க வராததால் 'ஏதோ ஓதிப் பார்க்கிற காகிதம்' என்று எடுத்து வைத்துவிட்டார்கள். நான் மதரஸாவில் ஓதியவன், எனக்குப் படிக்க வரும். ஆனாலும் முப்பத்தைந்து வருடம் பிரித்துப் பார்க்கவில்லை. பினாங்குக் கடிதம் வந்து மூன்று வாரம் கழித்து ஒரு ஜுமுஆவுக்குப் பிறகு பிரித்தேன். ஐந்து கடிதங்கள். பினாங்கில் இருந்த நம் பக்கத்து லெப்பை ஒருவர் எழுதிக் கொடுத்தவை. பிள்ளை குர்ஆன் ஓதத் தொடங்கிவிட்டது, வாப்பா எப்போது வருவார் என்று கேட்கிறது, ஆறு மாதமாகச் செலவுக்கு வரவில்லை. கடைசிக் கடிதம் 1951. அதிலும் பாட்டனாரைக் கணவர் என்றுதான் விளித்திருக்கிறது.

வாப்புச்சாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ரேஷன் கார்டில் கைநாட்டுதான். ஆனால் அந்தக் காலத்துப் பெண்கள் பலரைப் போல அரபுத்தமிழ் நன்றாகப் படிப்பார். மஃரிபுக்குப் பின் கிதாபு படித்துக் காட்டுவார், நாங்கள் சுற்றி உட்கார்ந்திருப்போம். ஆக, அவர் இந்தக் கடிதங்களைப் படித்திருக்கிறார். எல்லாம் தெரிந்திருக்கிறது. கிழித்தும் போடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

அன்று இரவே பினாங்குக்குப் பதில் எழுதினேன். மறுவாரம் மாமியிடம் போனேன். மாமி என்பது என் வாப்பாவின் தங்கை, மூன்று பிள்ளைகளில் இப்போது இருப்பவர் அவர் ஒருவர்தான். கேட்டுவிட்டு, "அப்போ எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா?" என்றார். பிறகு, "வாப்பா வீடு வித்த காசுல அவளுக்கு என்ன கொடுத்தீங்க?" என்றார். நான் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன்.

இப்போது கணக்கு. இது பலருக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். பாட்டனார் மவுத்தானபோது அவருடைய பெற்றோர் இல்லை. இங்கே மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். மகன்களில் மூத்தவர் என் வாப்பா, இளையவர் சாச்சா. பினாங்கில் மனைவி, ஒரு மகள். பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று. மனைவியர் இருவர் என்றால் அந்த எட்டில் ஒன்றையே இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். மீதி மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில். மொத்தத்தை 48 பங்காக்கினால் மனைவியருக்கு 3, 3. மகன்களுக்கு 14, 14. மகள்களுக்கு 7, 7. நாங்கள் 1998-ல் வீட்டை விற்றபோது வாப்புச்சாவும் இல்லாததால் மூன்று பிள்ளைகள் 2:2:1 என்று பிரித்துக்கொண்டோம். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றில் அந்த மூன்று பெயர்தான் இருந்தது. வாரிசுச் சான்றில் நாம் சொன்ன பெயர்கள்தான் வரும், விசாரணையில் பக்கத்து வீட்டார் சொன்னதும் அதுவேதான். சான்றில் பெயர் இல்லை என்பதால் ஒருவரின் மீராஸ் உரிமை போய்விடாது.

கணக்குக்கு வசதியாக வீடு ரூ.9,60,000-க்கு விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு ரூ.20,000. பினாங்கு மாமிக்கு 7 பங்கு, ரூ.1,40,000. அவர் உம்மாவுக்கு 3 பங்கு, ரூ.60,000. அந்த உம்மா 1970-களில் மவுத்தாகிவிட்டார், அது அவருடைய வாரிசுகளுக்குச் சேரும். ஆக ரூ.2,00,000 எங்களிடம் கூடுதலாக வந்திருக்கிறது. இரண்டு மகன்களும் ரூ.3,84,000 வாங்கினார்கள், வாங்கியிருக்க வேண்டியது ரூ.3,04,000. மாமி ரூ.1,92,000 வாங்கினார், வாங்கியிருக்க வேண்டியது ரூ.1,52,000. ஆகவே மகன்கள் வழியில் ரூ.80,000 வீதம், மாமி ரூ.40,000 திருப்ப வேண்டும்.

இதில் இரண்டு கேள்விகள் வந்தன. பாட்டனார் அங்கே தலாக் கொடுத்துவிட்டு வந்திருந்தால்? அப்படியானால் அந்த மனைவிக்குப் பங்கு இல்லை, அவருடைய 3 பங்கு நம் வாப்புச்சாவுக்கே போகும். ஆனால் மகளின் 7 பங்கு எந்த வகையிலும் போகாது. தலாக்குக்கு ஆதாரம் இல்லை, 1951 கடிதம் கணவர் என்கிறது, எனவே மனைவியாகவே கணக்கில் கொள்ளுங்கள் என்று எங்கள் ஹஜ்ரத் சொன்னார். இரண்டாவது, 1998 விலையா, இன்றைய விலையா? இது எங்கள் வீட்டில் நிறைய நேரம் போனது. கடைசியில் இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டு சுல்ஹ் ஆக முடித்தோம், தொகையை இங்கே எழுதவில்லை. உங்கள் வீட்டில் இப்படி வந்தால் ஆலிமிடமும் கேளுங்கள், சிவில் வழக்கறிஞரிடமும் கேளுங்கள். ஒரு வாரிசு சொத்தை வைத்திருப்பது மற்ற வாரிசுகளுக்காகவும் வைத்திருப்பதாகவே சட்டம் பொதுவாகக் கருதும். வருடம் பல ஆகிவிட்டது என்பது மட்டுமே பதிலாகாது.

"எழுபது வருஷம் கழிச்சு எங்கிருந்தோ வந்தவங்களுக்கு ஏன் கொடுக்கணும்?" என்று எங்கள் குடும்பத்திலும் கேட்டார்கள். கேட்டவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நான் மூன்று வாரம் பூட்டி வைத்தவன். இரண்டு கூட்டம் நடந்தது. முதலில் கொடுத்தவர் மாமி. தன் பங்கை ஒரே தடவையில், ஒரு கைக்குட்டையில் முடிந்து கொடுத்தார். மற்றவர்கள் தவணையில் கொடுத்தோம்.

பினாங்கிலிருந்து பதிலுக்கு வந்தது என்ன தெரியுமா? "மச்சான், உம்மா காசு கேட்கவில்லையே, ஊரைத்தானே கேட்டார்." முதல் கடிதத்தில் 'மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு' என்று எழுதியவர், இப்போது மச்சான். வேண்டாம் என்றால் அவர்கள் பெற்றுக்கொண்டபின் தாராளமாக யாருக்கும் ஹிபா செய்யலாம், கொடுப்பது எங்கள் கடமை என்று எழுதினேன். பெற்றுக்கொண்டார்கள்.

சில வீடுகளில் தேடும்போது வேறொரு மார்க்கத்தில் இருக்கும் சொந்தமும் கிடைக்கும். நாலைந்து தலைமுறைக்கு முன் இஸ்லாத்தைத் தழுவியவரின் அண்ணன் வழி பக்கத்து ஊரிலேயே இருக்கலாம். மறைக்க வேண்டியதே இல்லை. முஷ்ரிக்கான தாயோடு உறவைச் சேர்ந்து நடக்கலாமா என்று அஸ்மா (ரலி) கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தது புகாரியில் இருக்கிறது. மீராஸ் அங்கே போகாது, இங்கேயும் வராது. அன்பளிப்பும், மூன்றில் ஒரு பங்குக்குள் வசிய்யத்தும் செய்யலாம்.

பினாங்கு மாமியால் பயணம் செய்ய முடியவில்லை, முழங்கால். அவர் மகன் மட்டும் போன ஜனவரியில் வந்து எட்டு நாள் தங்கினார். வீடியோ அழைப்பில் இரண்டு மாமிகளும் பேசினார்கள். அவருடைய தமிழில் பாதி மலாய், நம் மாமிக்குக் காது சரியாகக் கேட்காது, மச்சான் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாப்பா எங்கே அடக்கமாகியிருக்கிறார் என்று அவர் கேட்டார். கபுறுக் குழி வெட்டும் குடும்பத்துப் பெரியவரை அழைத்துப் போனோம். வேப்பமரத்துக்கு மேற்கே இரண்டாவது வரிசை, அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார். அந்த வரிசையைக் கைப்பேசியில் மெதுவாகக் காட்டினார் மச்சான்.

நம் டிரஸ்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் மஃரிப் வரை பழைய காகிதங்களைப் படித்துக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருவர் வருகிறார்கள், நானும் இருப்பேன். கட்டணம் இல்லை. அசல் காகிதத்தை எங்களிடம் விட்டுச் செல்ல வேண்டாம், படம் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருவோம். படித்ததில் வருவதை வீட்டார் தவிர யாரிடமும் சொல்லமாட்டோம். வீடு இடிக்கும்போதும் வெள்ளையடிக்கும்போதும் பரணில் கிடைக்கும் அரபு எழுத்துக் காகிதங்களை, குர்ஆன் தாளாக இருக்கும் என்று எண்ணிக் கிணற்றில் போடுவதற்கு முன் ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்